புதுச்சேரி வீட்டுக்கு எந்த டி.வி.?

கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்கள் டி.வி.யும் ஃப்ரிட்ஜும் வாங்குவதற்கென்றே புதுச்சேரிக்குப் பஸ் ஏறிய காலம் உண்டு. யூனியன் பிரதேசத்தில் விற்பனை வரி குறைவு. கல்யாணச் சீருக்குப் பொருள் வாங்குகிறவர்கள் வண்டி வாடகை கொடுத்தும் மிச்சம் பார்த்தார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கணக்கு முடிந்தது. புதுச்சேரியின் காமராஜர் சாலையிலும் நேரு வீதியிலும் இருக்கிற வரிதான் இப்போது கடலூரிலும் சென்னையிலும். புதுச்சேரிக்காரர்களுக்கு இருந்த விலைச் சலுகை போய்விட்டது. எதை வாங்குவது என்ற கேள்வி மட்டும் முன்னைவிடக் கடினமாகிவிட்டது.

அந்தக் கேள்வியை வரியும் கொஞ்சம் குழப்பியது. 2019 ஜனவரியிலிருந்து 32 அங்குலம் வரையிலான டி.வி.க்கு 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 28 சதவீதம் என்று இரண்டு விகிதங்கள் இருந்தன. பெரிய ஹால் உள்ள வீட்டிலும் 32 அங்குலத்தோடு பலர் நின்றுகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 சதவீதம்தான். வரியோடு சேர்த்து 40,000 ரூபாய்க்கு விற்ற ஒரு 43 அங்குல டி.வி., குறைப்பு முழுதாக நமக்கு வந்து சேர்ந்தால் 36,875 ரூபாய் ஆக வேண்டும். பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விலைக்கு அடுத்துக் கடையில் நம்மிடம் சொல்லப்படுவதெல்லாம் பெட்டியைப் பற்றியதுதான்: எத்தனை அங்குலம், 4கே உண்டா, ஹெச்.டி.ஆர். உண்டா, எத்தனை ஜி.பி. ரேம். வீட்டில் கிடைக்கப்போகும் படத்தைத் தீர்மானிப்பதில் இவற்றைவிடப் பெரிய பங்கு மூன்று விஷயங்களுக்கு உண்டு. பெட்டிக்குள் என்ன சிக்னல் வருகிறது, நாம் எவ்வளவு தூரத்தில் உட்கார்கிறோம், அறையில் எவ்வளவு வெளிச்சம். மூன்றும் கடையில் இல்லை, நம் வீட்டில் இருக்கின்றன. அதனால் தேர்வை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சிக்னல். இதில் பிரெஞ்சுக்காரர்களின் அனுபவம் ஒன்று நமக்கு உதவும். 1948 நவம்பர் 20-ல் பிரான்ஸ் தன் தொலைக்காட்சிக்கு, படத்தை 819 கிடைக்கோடுகளாக வரையும் 819 வரி முறையை ஏற்றது. ஆணையில் கையெழுத்திட்டவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான பிரான்சுவா மித்தரான். முறையை வகுத்த பொறியாளர் ஆன்ரி தெ பிரான்ஸ். பிரிட்டன் 405 வரியில் ஒளிபரப்பிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைய உலகில் மிக நுணுக்கமான படம் பிரெஞ்சுப் படம்தான். அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1-ல்தான் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. ஆனால் 819 வரிப் படம் இந்த ஊருக்கு வரவே இல்லை. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது நமக்குக் கிடைத்தது 625 வரி முறை. அதில் கண்ணுக்குத் தெரிவது 576 வரி.

அத்தனை நல்ல படத்தை பிரான்ஸ் ஏன் கைவிட்டது? ஒவ்வொரு சேனலும் அலைவரிசையில் ஏராளமான இடத்தை அடைத்துக்கொண்டது. சேனல்களைப் பெருக்க வேண்டும் என்றதும் நுணுக்கத்தை விட்டுக்கொடுத்து 625-க்கு இறங்கினார்கள். 1980-களின் முற்பகுதியில் 819 வரி ஒளிபரப்பு முற்றிலும் நின்றது. இந்த இழுபறி இன்றுவரை ஓயவில்லை. நம் தெருக் கேபிளிலும் ஒரு ஹெச்.டி. சேனல் போகிற இடத்தில் பல சாதாரண சேனல்களை அனுப்பலாம். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் படத்தை அமுக்கித்தான் அனுப்புகிறார்கள். கால்பந்து, கிரிக்கெட் ஓட்டத்தில் புல்தரை கட்டம் கட்டமாகச் சிதறினால் டி.வி.யைக் குறை சொல்லிப் பயனில்லை. சிக்னல் அப்படித்தான் வருகிறது.

சாதாரண சேனலின் ஒரு படத்தில் 720-க்கு 576 புள்ளிகள், அதாவது நான்கு லட்சத்துப் பதினான்காயிரம் சொச்சம். முழு ஹெச்.டி. 1920-க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல், ஐந்து மடங்கு. 4கே 3840-க்கு 2160. எண்பத்திரண்டு லட்சத்துக்கு மேல், சரியாக இருபது மடங்கு. 4கே டி.வி.யில் சாதாரண கேபிள் சேனலைப் போட்டால் திரையின் இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் உண்மையான தகவல் இருக்கிறது. மீதிப் பத்தொன்பதையும் டி.வி.க்குள் இருக்கும் சிப் ஊகித்து நிரப்புகிறது. நல்ல சிப் நன்றாக ஊகிக்கும், மலிவானது சாயம் போனது மாதிரி நிரப்பும். உண்மையில் இல்லாத நுணுக்கத்தை எந்தச் சிப்பாலும் கொண்டுவர முடியாது.

தமிழில் ஹெச்.டி. சேனல்கள் வந்து வெகுநாளாகிறது. சன் டி.வி. 2011-லும், விஜய் 2016-லும், ஜீ தமிழ் 2017-லும் ஹெச்.டி.க்கு வந்துவிட்டன. வீட்டில் பார்ப்பது என்னவோ பெரும்பாலும் சாதாரண சேனல்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) கட்டண முறையில் ஒரு ஹெச்.டி. சேனல் இரண்டு சாதாரண சேனலாகக் கணக்கிடப்பட்டது. தனி விலையும் கூடுதல். ஆனால் அதே முறை, வேண்டிய சேனலை மட்டும் தனியாக எடுக்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. வீட்டில் தினமும் ஓடுகிற மூன்று நான்கு சேனல்களை மட்டும் ஹெச்.டி.யில் எடுத்தால் போதும். 40,000 ரூபாய்க்கு டி.வி. வாங்கிவிட்டு மாதம் சில பத்து ரூபாயை மிச்சப்படுத்துவது என் பார்வையில் தவறான சிக்கனம்.

ஹெச்.டி. சேனலையும் எடுத்துவிட்டுப் படம் தெளியவில்லை என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அங்கே முதலில் பார்க்க வேண்டியது செட்-டாப் பாக்ஸின் பின்பக்கம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறங்களில் மூன்று பின்கள் கொண்ட பழைய ஏ.வி. வயர் வழியாக ஹெச்.டி. போகாது. ஹெச்.டி. பாக்ஸே இருந்தாலும் அந்த வயர் 576 வரிக்கு மேல் கொடுக்காது. ஹெச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். பாக்ஸ் செட்டிங்கில் வெளியீடு 1080 என்றும் 16:9 என்றும் இருக்க வேண்டும். ஹெச்.டி. சேனலுக்குத் தனி எண் உண்டு. பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்தினால் பழைய படம்தான் வரும். இந்த நான்கையும் சரிபார்க்கச் செலவே இல்லை. இப்போதுள்ள டி.வி.யை மாற்றத் தேவையில்லை என்று சிலருக்கு இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து தூரம். நல்ல கண் பார்வை உள்ளவருக்குப் பிரித்தறிய முடிகிற மிக நுண்ணிய அளவு ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இதை வைத்துக் கணக்குப் போட்டால், திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் தள்ளி உட்கார்ந்தால் முழு ஹெச்.டி.யின் புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 4கேக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், சாதாரண சேனலுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு. 55 அங்குல டி.வி.யின் உயரம் 68 சென்டிமீட்டர் சொச்சம். அதில் ஏழடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு முழு ஹெச்.டி.க்கும் 4கேக்கும் புள்ளிக் கணக்கில் வேறுபாடு தெரிய வழியில்லை. 65 அங்குலத்தில் அந்த எல்லை எட்டரை அடி.

லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ ஒரு சாதாரண அடுக்ககத்து ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். சோபாவையும் சுவரையும் கழித்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே எட்டடி. எட்டடியில் சாதாரண சேனல் சுத்தமாகத் தெரிய வேண்டுமானால் 32 அங்குலம்தான் உச்சம். அதே எட்டடியில் சினிமா பார்க்க, அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் பெயரால் வழங்கும், திரையின் அகலம் கண்ணில் 30 பாகை விரிய வேண்டும் என்ற அளவை வைத்தால் 59 அங்குலம் வேண்டும். மாலையில் அம்மா பார்க்கும் சீரியலும் இரவில் பிள்ளைகள் ஓ.டி.டி.யில் பார்க்கும் படமும் ஒரே திரையில்தான். இரண்டும் கேட்பது வேறு வேறு அளவு. குடும்பங்களில் டி.வி. அளவைப் பற்றி வரும் வாக்குவாதத்தின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். இருவர் சொல்வதும் அவரவர் பார்ப்பதற்குச் சரியே. சீரியல் சேனலை ஹெச்.டி.க்கு மாற்றிவிட்டால் பிணக்கு தீர்கிறது: 55 அங்குலத்தில் ஹெச்.டி. சேனல் எட்டடிக்குத் தெளிவாகவே இருக்கும். மாற்ற முடியாது என்றால் இரண்டுக்கும் நடுவே 43-ல் நின்றுகொள்ளுங்கள்.

அங்குலம் என்பது மூலைவிட்ட அளவு என்பதால் அகலத்திரையில் அது ஏமாற்றும். 29 அங்குலப் பழைய பிக்சர் டியூப் டி.வி.யின் திரை உயரம் அங்குலக் கணக்குப்படி 44 சென்டிமீட்டர் சொச்சம். 32 அங்குல அகலத்திரையின் உயரம் 40 சென்டிமீட்டர்தான். பெரிய டி.வி. வாங்கியும் முகங்கள் சிறுத்துவிட்டதாகத் தோன்றியதற்குக் காரணம் இதுவே. 16:9 என்ற வடிவம் வந்த கதையும் இதோடு சேர்ந்தது. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், 4:3 தொலைக்காட்சி முதல் 2.35 அகல சினிமா வரை எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் நியாயமாக உள்ளடக்கக்கூடிய நடுவடிவமாக அவருக்குக் கிடைத்தது 16:9. எந்த வடிவத்துக்கும் முழுதாகப் பொருந்தாமல், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டுப் பிறந்த திரை அது. அதனால் கறுப்புப் பட்டைகள் வருவது இயல்பு.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதிலிருந்து வந்த அகலப் படங்களை 43 அங்குலத்தில் முழு அகலத்துக்குப் போட்டால், மேலும் கீழும் பட்டை போக மிஞ்சும் உயரம் 40 சென்டிமீட்டர். சினிமாவே பிரதானம் என்கிற வீட்டில் ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். 1950-களின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கோ இடமும் வலமும் பட்டை வரும். அதைச் சகிக்க முடியாமல் ரிமோட்டில் ‘ஃபுல்’ அழுத்தி சிவாஜியையும் பத்மினியையும் குண்டாக்கிப் பார்க்கிற வீடுகள் எத்தனையோ. பெரிய கலைஞர்களின் முகத்தை இப்படிக் கெடுப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ என்று வைத்தால் பட்டையோடு சேர்ந்து சரியான முகம் வரும். பட்டையைப் பத்து நிமிடத்தில் கண் மறந்துவிடும்.

வடிவத்தைச் சரிபார்க்க நம் ஊரே ஒரு படத்தைக் கொடுத்திருக்கிறது. ஆங் லீ இயக்கி 2012-ல் வெளிவந்த ‘லைஃப் ஆஃப் பை’யின் மிருகக்காட்சி சாலையாக வருவது புதுச்சேரி தாவரவியல் பூங்கா. படம் பெரும்பாலும் 16:9-க்கு மிக நெருங்கிய வடிவம். பறக்கும் மீன்கள் வரும் காட்சியில் மட்டும் சட்டகம் அகலமாகி, மீன்கள் கறுப்புப் பட்டைக்கு மேலேயே பாயும். படகை மேலிருந்து காட்டும் ஓரிடத்தில் 4:3 ஆகும். டி.வி. செட்டிங் தவறாக இருந்தால் இந்த இரண்டு இடங்களும் அடிபட்டுப்போகும்.

மூன்றாவது வெளிச்சம். இங்கேதான் புதுச்சேரி வீடுகள் மற்ற ஊர் வீடுகளிலிருந்து வேறுபடுகின்றன. தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் திண்ணை தாண்டி உள்ளே போனால் முற்றம். பகல் முழுதும் மேலிருந்து வெளிச்சம் கொட்டும், டி.வி. இருப்பது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில். ஊரைப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகளில் உயர்ந்த கூரை, ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட ஜன்னல்கள். அடுக்ககங்களில் ஒரு பக்கம் பால்கனிக் கதவு, மற்றப்படி இருட்டு. மூன்றுக்கும் ஒரே டி.வி.யைச் சிபாரிசு செய்கிறவர் வீட்டைப் பார்க்கவில்லை என்று பொருள்.

இன்று விற்கும் டி.வி.க்களில் மிகப் பெரும்பாலானவை எல்.சி.டி. பேனலுக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்தவைதான். அந்தப் பேனலில் இரண்டு குடும்பங்கள். வி.ஏ. பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். வெளிச்ச வேறுபாடு மூவாயிரத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பேனலில் ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டித்தான் வேறுபாடு. இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், ஆனால் எந்தக் கோணத்திலிருந்தும் நிறம் அதிகம் மாறாது. விளக்கணைத்து நேர் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்கிற அடுக்ககத்துக்கு வி.ஏ. தாழ்வாரத்தில் பாய் விரித்துச் சிலர், நாற்காலியில் சிலர், சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் என்று குடும்பமே பரவிப் பார்க்கிற முற்றத்து வீட்டுக்கு ஐ.பி.எஸ். கடையில் பேனல் வகையைக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஒரே மாடலிலேயே இரண்டும் வருவதுண்டு. டி.வி.க்கு நேரே நின்று பாருங்கள், பிறகு நாலடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். முகம் வெளுத்தால் வி.ஏ.

எந்த வீட்டிலும் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் திரையை மாட்ட வேண்டாம். ஜன்னல் அப்படியே திரையில் விழும். ஜன்னல் இருக்கும் சுவருக்குச் செங்குத்தான பக்கச் சுவரே நல்லது. திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே வர வேண்டும். காலண்டர் மாட்டும் உயரத்தில் டி.வி.யை மாட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் அது கழுத்து வலியைத்தான் தரும்.

ஓ.எல்.இ.டி. வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அணைந்தால் முழுக் கறுப்பு. இருட்டில் சினிமா பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் முற்றத்து வெளிச்சத்தில் அந்த அருமை தெரியாது. காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடுகிற வீட்டில், கீழே ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் வருடங்களில் திரையில் தடமாகப் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு. செய்தி வீடுகளுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். க்யூ.எல்.இ.டி. என்பது நிறத்தைச் செறிவாக்கும் ஒரு படலம் சேர்ந்த எல்.சி.டி.தான். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் ஹெச்.டி.ஆர். என்ற எழுத்து இன்று எல்லா அட்டைப்பெட்டியிலும் இருக்கிறது. போதிய ஒளிர்வும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியும் இல்லாத மலிவு டி.வி.யில் அந்த எழுத்துக்கு மதிப்பு இல்லை. அதற்கென்று ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

நிறத்தைச் சோதிக்கும் விதம் நம் கடைகளில் மாற வேண்டும். அருவி, பவளப்பாறை, வெளிநாட்டுப் பூக்கள், பாயும் சாயம் என்று டெமோ ஓடுகிறது. அந்த மீனின் உண்மை நிறம் நமக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. மாநிறத் தமிழ் முகம் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய நிறம் அது. கொஞ்சம் நீலம் ஏறினாலும் செம்மை ஏறினாலும் கண் உடனே சொல்லிவிடும். கடையில் எல்லா டி.வி.யும் ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ மோடில், ட்யூப்லைட் கூட்டத்தோடு போட்டி போட ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும். பிறகு விவிடுக்குத் திரும்ப மனம் வராது. வெளிச்சத்தை நூறிலேயே வைத்திராமல் தேவைக்குக் குறைத்தால் பின்விளக்கு நீடித்து உழைக்கும், கரன்ட்டும் மிச்சம்.

சினிமா சீரியல் போல வழுவழுவென்று ஓடுவதாகத் தோன்றினால் அது ‘மோஷன்’ என்ற பெயரில் வரும் வசதியின் வேலை. நொடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்பட்ட படத்தின் இடையிடையே டி.வி. தானே சட்டகங்களைச் செய்து சொருகுகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடச் சொல்லிப் பார்வையாளர்களிடம் வீடியோவிலேயே கேட்டுக்கொண்டார்கள். கிரிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள்.

ஓ.டி.டி. பக்கம் ஒரு விஷயம் மட்டும். 4கே டி.வி. இருந்தால் 4கே படம் வந்துவிடாது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியக் கட்டணங்களைக் குறைத்தபோது, 199 ரூபாய்த் திட்டத்துக்கு 480 வரி, 499-க்கு 1080, 649-க்குத்தான் 4கே என்று வகுத்தது. அதனோடு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் தடையில்லாமல் வேண்டும். ஹெச்.டி. அளவுக்கு மேல் கட்டணம் கட்டப்போவதில்லை என்று தீர்மானித்த வீட்டுக்கு 4கே என்ற சொல் தேர்வில் எடை பெறத் தேவையில்லை. 43 அங்குலத்துக்கு மேல் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4கேதான் என்பதால் அது தானாக வந்தால் வரட்டும். 32 அங்குலத்தில் நிலைமை வேறு: அங்கே 1366-க்கு 768 புள்ளி பேனலை ‘ஹெச்.டி. ரெடி’ என்று விற்கிறார்கள். ஆறடிக்குள் உட்காருகிறவர் சற்றுக் கூடுதல் கொடுத்து முழு ஹெச்.டி. எடுப்பது நல்லது.

பிரான்சிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. அங்கிருந்து டி.வி. கொண்டுவரும் ஆசையும் பழையது. 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத்திரை டி.வி.க்கு விமான நிலையத்தில் பயணச் சாமான் சலுகை கிடையாது. முழுச் சுங்கம் கட்ட வேண்டும். மின்சாரம் ஒத்துப்போகும், ஹெச்.டி.எம்.ஐ.யும் வேலை செய்யும். இங்கே உத்தரவாதம் செல்லாது. பேனல் உடைந்தால் அதே பேனல் கிடைப்பது அரிது. இன்று அந்த ஆசையில் லாபம் இல்லை. ப்ளூ-ரே தட்டு அனுப்புகிற உறவினர்களுக்கும் ஒரு சொல்: பிரான்ஸ் பி மண்டலம், இந்தியா சி மண்டலம், மண்டலக் கட்டுப்பாடு உள்ள தட்டு இங்கே வாங்கிய ப்ளேயரில் ஓடாது.

கடலும் மழையும் தேர்வில் சேர்த்தி. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்று டி.வி.யின் பின்பக்கத் துவாரம் வழியாகப் போய் போர்டையும் பின்களையும் அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அருகே வைக்காதீர்கள். பின்பக்கம் காற்றாட விடுங்கள், ஈரத் துணியோ கண்ணாடித் தெளிப்பானோ வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவர்களில் பூச்சு உதிரும். 55 அங்குல டி.வி. 15 கிலோவை ஒட்டி இருக்கும். ஆணி செங்கல் வரை இறங்கவில்லை என்றால் ஸ்டாண்டில் வைப்பதே பாதுகாப்பு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தாழ்வான தெருக்களில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் பிளக் பாயின்டை உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது; மின்னல் அதிர்ச்சி கேபிள் வயர் வழியாகவும் வரும், அதையும் கழற்றுங்கள். இன்றைய டி.வி.க்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஸ்டெபிலைசரைவிட நல்ல எர்த்தும் ஒரு சர்ஜ் பாதுகாப்பானும் முக்கியம்.

ஒலியைப் பற்றி நீட்டத் தேவையில்லை: மெல்லிய டி.வி.யில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கிறது, வசனம் தெளியாது. பட்ஜெட்டில் ஒரு பங்கை சவுண்ட்பாருக்கு ஒதுக்குங்கள். ஸ்மார்ட் வசதி சில வருடங்களில் பழசாகும், அப்போது ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். அதற்காக மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பி.ஐ.எஸ். பதிவு எண்ணும், வருடத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று சொல்லும் நட்சத்திரச் சீட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்வீஸ் சென்டர் புதுச்சேரியிலேயே உண்டா, பேனலுக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். பேனல் போனால் புது டி.வி. விலைக்கு நெருக்கமாகச் செலவு வரும் என்பதால் இந்தக் கேள்வி 4கேயைவிடப் பெரியது.

என் தீர்ப்பு இது. எட்டடி ஹாலும் ஹெச்.டி. சேனலும் உள்ள அடுக்ககத்துக்கு 55 அங்குல வி.ஏ. எல்.இ.டி.; முற்றத்து வீட்டுக்கு 43 அல்லது 50 அங்குல ஐ.பி.எஸ்.; சாதாரண கேபிள் மட்டுமே பார்க்கப்போகிற வீட்டுக்கு 32 அங்குல முழு ஹெச்.டி., மிஞ்சிய பணத்தில் சவுண்ட்பார். விளக்கணைத்து சினிமா மட்டும் பார்ப்பவர்கள் கையில் லட்ச ரூபாய் இருந்தால் ஓ.எல்.இ.டி. பக்கம் போகலாம். வாங்கும் முன் உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் படத்தின் பத்து நிமிடத்தை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். டெமோவை நிறுத்திவிட்டு அதையும், கடையில் கேபிள் இணைப்பு இருந்தால் ஒரு சாதாரண சேனலையும் ‘சினிமா’ மோடில் போடச் சொல்லி, உங்கள் ஹாலில் அளந்த அதே தூரத்தில் நின்று பாருங்கள். போட்டுக் காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். காமராஜர் சாலையில் கடைகளுக்குக் குறைவில்லை.